பிள்ளை சொல்லும் வீடு: வளரிளம் வயதில் போதைப் பழக்கத்தைத் தடுப்பதில் பெற்றோரின் பங்கு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் செய்திகள் இவை: பெட்டிக்கடையில் புகையிலைப் பாக்கெட் பறிமுதல், பைக்கில் கஞ்சாவோடு போன இளைஞர்கள் கைது, கடைக்குச் சீல். அன்றைக்கே அது பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். கூடவே "பள்ளி வாசலில் யாரோ போதை மிட்டாய் கொடுக்கிறார்களாம்" என்று ஊர் பேர் இல்லாத ஒரு குரல்பதிவும் சுற்றும். பயந்துபோன பெற்றோர் அன்று சாயங்காலம் பையனின் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் நிம்மதி. ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிடுகிறது.

பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். பிள்ளைகளைக் காப்பதில் இரண்டு விஷயங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனம் அதிகம். ஒன்று, முதல் தடவை எத்தனை வயதுக்குத் தள்ளிப்போகிறது என்பது. இன்னொன்று, வெளியில் ஏதாவது நடந்தால் பிள்ளை அதை வீட்டில் வந்து சொல்கிறதா என்பது. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன, செட்டிநாட்டுக் குடும்பங்களின் இன்றைய வாழ்க்கையில் இவற்றுக்கு என்ன தடை, தெரியவந்த பிறகு என்ன செய்வது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## எதையெல்லாம் போதைப்பொருள் என்கிறோம்

போதைப்பொருள் என்றதும் பெரியவர்களுக்குக் கஞ்சாவும் ஊசியும்தான் ஞாபகம் வரும். பிள்ளைகளின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் அதுவல்ல.

1. வாயில் அடக்கும் புகையிலை. ஹான்ஸ், கூல் லிப் மாதிரியானவை. கூல் லிப் சின்னத் தலையணை போல ஒரு பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொண்டு வகுப்பிலேயே உட்காரலாம், புகை கிடையாது, துப்பவும் வேண்டாம். அதனால்தான் மாணவர்களிடம் இவ்வளவு பரவியிருக்கிறது. மெல்லும் புகையிலைக்கும் குட்காவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை உண்டு. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது; ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. "தடையை எடுத்துவிட்டார்களே" என்று கடைக்காரர் சொன்னால் அது பாதிக் கதை.

2. பீடி, சிகரெட். பெரியவர்களுக்கு விற்கலாம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இது. வேப் எனப்படும் மின் சிகரெட்டை விற்பதும் இருப்பு வைப்பதும் 2019 முதல் நாடு முழுக்கக் குற்றம்.

3. மது. தமிழ்நாட்டில் வாங்குவதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

4. முகர்பவை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர், பெட்ரோல். இவற்றைக் கடையில் வாங்க யாரும் தடுப்பதில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இதுதான்: 10 முதல் 17 வயது வரை 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம்.

5. மாத்திரைகள். டேப்பென்டடால் போன்ற கடும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், சில இருமல் மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக் கூடாதவை. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஒரே ஊசியைப் பலர் மாற்றிக்கொள்ளும்போது எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சிக் கிருமிகளும் சேர்ந்தே தொற்றுகின்றன.

6. கஞ்சாவும் அதற்கு மேலே உள்ளவையும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொஞ்சமாக வைத்திருந்தாலும் வழக்கு உண்டு.

இவற்றை யார் கொடுக்கிறார்கள்? வாசலில் நிற்கும் முகம் தெரியாத ஆளைத்தான் எல்லோரும் தேடுகிறோம். முதல் பொட்டலத்தையும் முதல் மடக்கையும் நீட்டுபவர் பெரும்பாலும் கூடப் படிப்பவர், ஒன்றிரண்டு வயது மூத்த பையன், அல்லது சொந்தத்திலேயே ஓர் அண்ணன். "முன்பின் தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்காதே" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, நன்றாகத் தெரிந்தவன் சிரித்துக்கொண்டே நீட்டும்போது என்ன சொல்வது என்று தெரிவதில்லை.

## வயது ஏன் இவ்வளவு முக்கியம்

மூளையில் இன்பத்தையும் பரிசையும் தேடும் பகுதி பூப்பெய்தும் பருவத்திலேயே வேகமாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. பின்விளைவை யோசித்து "வேண்டாம்" என்று நிறுத்தும் முன்மூளை முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. இந்த இடைவெளிதான் வளரிளம் பருவம். துணிந்து கற்றுக்கொள்ளவும், வீட்டை விட்டு வெளியே போகவும் இயற்கை வைத்த ஏற்பாடு அது. அதே காலத்தில் போதை உள்ளே வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதையும் சேர்த்தே பாடமாகப் படித்துக்கொள்கிறது. புகைத்த நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையைத் தொடுகிறது, டோபமின் சுரக்கிறது, "இதை ஞாபகம் வைத்துக்கொள், திரும்பவும் செய்" என்பதுதான் டோபமின் தரும் செய்தி.

15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள், 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினர்தான் என்று 1990-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. சீக்கிரம் தொடங்குவது மட்டுமே காரணம் என்று இதை வாசிக்கக் கூடாது. குடும்பத்தில் பரம்பரையாக இருக்கும் குடி, மனச்சோர்வு, அடி உதை, படிப்பில் பின்தங்கி அவமானப்பட்டது என்று பல காரணங்கள் சேர்ந்துதான் ஒரு பிள்ளையைச் சீக்கிரமே அங்கே கொண்டுபோகின்றன. ஆனாலும் பெற்றோர் கையில் இருப்பது இந்தத் தள்ளிப்போடல்தான். 13-இல் நடந்திருக்க வேண்டியது 17 வரை நடக்காமல் போனால் அதுவே பெரிய காரியம்.

அதனால் இதைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்கும் வயதும் முன்னால் வருகிறது. இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை உபயோகிப்பதாக 2019-இல் நடந்த தேசிய இளையோர் ஆய்வு சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதும் பேசிக்கொள்ளலாம் என்றால் காலம் கடந்துவிடும். ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே முதல் பேச்சு நடந்திருக்க வேண்டும்.

## செட்டிநாட்டு வீட்டில் நடப்பது

இங்கே பொதுவான அறிவுரைகள் கொஞ்சம் தடுமாறுகின்றன. "அப்பாவும் அம்மாவும் தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்" என்பார்கள். அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். நகரத்தார் குடும்பங்களில் பலர் தொழிலுக்காகச் சென்னையிலோ கோவையிலோ இருப்பார்கள். பிள்ளை ஊரில் ஐயாவிடமும் அப்பத்தாவிடமும் வளரும். அப்பா மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறார். "நல்லாப் படிக்கிறியா? மார்க் எவ்வளவு?" அப்புறம் போன் அம்மா கைக்குப் போய்விடும்.

அப்பத்தாவுக்குப் பேரன் மேல் உயிர். கேட்டதும் மடியிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பார். அவன் சட்டையில் வாசம் வந்தால் அம்மாவிடம் சொல்ல மாட்டார். சொன்னால் அவள் வெளிநாட்டுக்குச் சொல்வாள், அங்கிருந்து மகன் கத்துவான், பிள்ளை அடி வாங்கும் என்ற பயம். அம்மாவும் அதே பயத்தில் அப்பாவிடம் சொல்ல மாட்டார். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு துண்டு தெரியும். முழுப் படம் யாரிடமும் இருக்காது. குடும்பத்தில் ஆள் குறைந்திருப்பதைவிட இந்த மறைப்புதான் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. பெரியவர்கள் மூவரும் மாதத்துக்கு ஒருமுறையாவது, பிள்ளை இல்லாத நேரத்தில், "அவன் யாரோடு சுற்றுகிறான், எப்போது தூங்குகிறான், எவ்வளவு காசு போகிறது" என்று தங்களுக்குத் தெரிந்ததை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அப்பா ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: எது தெரியவந்தாலும் போனில் கத்த மாட்டேன் என்று.

அடுத்தது இடம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் இருக்கின்றன. முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில். வருஷத்துக்கு ஒருமுறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் கதவு திறக்கும். காவலுக்கு ஒரு வயதானவர் முன்பக்கம் இருப்பார். பின்கட்டுச் சுவர் இடிந்து கிடக்கும் இடத்தில் யார் ஏறி இறங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஊருணிக்கரையும் அப்படித்தான், பொழுது சாய்ந்தபின் ஆள் நடமாட்டம் இருக்காது. பிள்ளைகள் கூடுவதற்குத் திறந்த, வெளிச்சமுள்ள இடம் இல்லாவிட்டால் இந்த இடங்களில்தான் கூடுவார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்தாலும் பின்சுவரைக் கட்டி ஒரு விளக்குப் போடச் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு நம்பர் கொடுத்து வைப்பது என்பதெல்லாம் அண்டை வீட்டுப் பெற்றோர் உரிமையோடு கேட்கக்கூடிய உதவிகள்.

மூன்றாவது, திருவிழாவும் விசேஷமும். மஞ்சுவிரட்டு முடிந்த மாலை, தேர் முடிந்த இரவு, கல்யாணத்துக்கு முந்தின நாள். உறவுக்காரப் பையன்கள் எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம். பெரியவர்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். "ஒரு பீர்தானே, மச்சான் கல்யாணத்துக்குக் கூட இல்லாமலா" என்று 15 வயதுப் பையனிடம் கிளாஸை நீட்டும் மாமா ஒருவர் பல குடும்பங்களில் உண்டு. அவருக்குத் தெரியாத ஒன்று: 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பதற்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சொந்தக்காரர் என்பதற்காக விலக்கு இல்லை. விசேஷ வீட்டில் பந்திக்கு ஒருவர், வாசலுக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரிக்கும்போது, பையன்கள் கூட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு மணிக்கொரு தரம் போய்ப் பார்த்துவர ஒரு சித்தப்பாவையும் நியமிக்கலாம்.

## கண்காணிப்பும் பிள்ளை தானாகச் சொல்வதும்

"பிள்ளை எங்கே, யாரோடு, என்ன செய்கிறது என்று தெரிந்த வீடுகளில் போதைப் பழக்கம் குறைவு" என்பது பல காலமாக ஆய்வாளர்கள் கண்டது. இதிலிருந்து "அப்படியானால் நன்றாகக் கண்காணியுங்கள்" என்ற அறிவுரை பிறந்தது. ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கூர்ந்து பார்த்து 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள். பெற்றோருக்கு அந்த விவரம் எப்படித் தெரிந்தது என்று பிரித்துப் பார்த்தபோது, துருவிக் கேட்டோ கட்டுப்பாடு போட்டோ தெரிந்துகொண்டது குறைவாகவும், பிள்ளைகள் தாமாக வந்து சொன்னது அதிகமாகவும் இருந்தது. பிள்ளை தவறான வழியில் போகாமல் இருப்பதோடு அதிகம் சேர்ந்து வந்ததும் அதுவே.

போன் பூட்டை உடைப்பதும் பையைக் கொட்டுவதும் ஏன் பலன் தருவதில்லை என்று இதிலிருந்து புரியும். ஒருமுறை கொட்டினால் அடுத்த முறை பொட்டலம் பையில் இருக்காது, நண்பனின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கும். பிள்ளை நம்மிடம் சொல்லியிருக்கக்கூடிய நாலு விஷயமும் அன்றோடு நின்றுபோகும். வீட்டிலேயே ரகசியமாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதையும் இதே காரணத்தால் குழந்தை மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. அதன் முடிவைத் தப்பாகப் படிக்கவும் வாய்ப்பு அதிகம்.

சரி, பிள்ளை தானாகச் சொல்ல என்ன செய்வது? முதலில் சின்ன விஷயத்தைச் சொல்லும்போது நாம் நடந்துகொள்ளும் விதம்தான் பெரிய விஷயத்தைச் சொல்லலாமா என்று அதற்குக் காட்டுகிறது. ராத்திரி அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு சொல்கிறான்:

"அம்மா, இன்னைக்கு நம்ம செட்ல ஒருத்தன் வாய்க்குள்ள என்னமோ வச்சிருந்தான்மா."

"எவன் அவன்? அவனோட இனிமே பேசினே, காலை ஒடிச்சிருவேன்!" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்த தடவை அவன் வேறு யாரிடமாவதுதான் சொல்வான், அல்லது யாரிடமும் சொல்ல மாட்டான். அதற்குப் பதிலாக அம்மா இப்படிப் பேசலாம்:

"அப்படியா? உனக்கும் நீட்டினானா?"

"ம். வேணாம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பாதுகாப்பு இருக்கிறது. சிரித்தார்கள் என்ற அவமானத்தை வீட்டில் இறக்கி வைத்த பையனுக்கு, நாளைக்கு அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்காக அதை வாயில் போடும் அவசரம் குறைகிறது. அப்புறம் அம்மாவும் மகனும் சேர்ந்து ஒரு பதில் தயாரிக்கலாம். "எனக்கு வாய்ப்புண் வந்துரும்டா", "எங்க அப்பத்தா மோப்பம் புடிச்சிரும்", "நாளைக்கு மேட்ச் இருக்கு". பெரிய கொள்கை விளக்கம் வேண்டாம். கூட்டத்தில் முகம் கெடாமல் நழுவ ஒரு வரி போதும், அதை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

பயமுறுத்துவது பலன் தருமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய டேர் என்ற திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. பின்னால் அளந்து பார்த்தபோது பிள்ளைகள் போதையைத் தொடுவதில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. "ஒரு தடவை இழுத்தால் பைத்தியம் பிடிக்கும்" என்று சொன்னால், இழுத்தும் பைத்தியம் பிடிக்காத சீனியர் ஒருவனைப் பார்த்த அன்றே நம் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். உண்மையைச் சொன்னால் போதும், அதுவே கடுமையானதுதான்: சின்ன வயதில் கஞ்சா, அதுவும் அடிக்கடி என்றால், ஞாபக சக்தியும் கவனமும் குறைகின்றன, மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகமாக.

## வீட்டு விதிகள்

பேச்சு மட்டும் போதாது. அன்பும் விதியும் சேர்ந்த வீடுதான் காக்கிறது. அன்பு மட்டும் இருந்தால் செல்லமாகப் போய்விடும், விதி மட்டும் இருந்தால் பிள்ளை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும். குறைந்தது இவ்வளவு வேண்டும்:

1. "இந்த வீட்டில் 21 வயது வரை குடியும் புகையிலையும் கிடையாது, மற்றவை எப்போதுமே கிடையாது" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கே தெரியும் என்று விட்டுவிடக் கூடாது.

2. "வெளியில் திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு நம் கண் முன்னால் ஒரு வாய் குடிக்கட்டும்" என்ற எண்ணம் தப்பு. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை 6 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வில், பெற்றோரே ஊற்றிக் கொடுத்ததால் எந்த நன்மையும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியிலும் மது வாங்குவதும் அளவு மீறிக் குடிப்பதும்தான் கூடியிருந்தது.

3. பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சிகரெட்டோ புகையிலையோ வாங்கிவரச் சொல்லக் கூடாது. அப்பா பிடிக்கிறார் என்றால் அதை மறைக்காமல், "என்னால் விட முடியவில்லை, அதனால்தான் நீ தொடாதே என்கிறேன்" என்று சொல்லலாம். விட முயல்வதைப் பிள்ளை பார்ப்பது இன்னும் நல்லது. 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள்.

4. கையில் காசும் ஜிபேயும். தினச் செலவுக்கு ஓர் அளவு வைத்து, மாதக் கடைசியில் பிள்ளையையும் உட்காரவைத்துக் கணக்குப் பார்ப்பது. அப்பத்தாவும் இந்த ஏற்பாட்டுக்குள் வர வேண்டும்.

5. "எந்த நேரமானாலும், எந்த நிலைமையில் இருந்தாலும் போன் பண்ணு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்." இதைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும். கேள்வி மறுநாள் காலையில்.

பாக்கைப் பற்றி ஒன்று. விசேஷத் தட்டில் எப்போதும் இருப்பதால் அதை யாரும் தீங்காக நினைப்பதில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இனிப்புப் பாக்குப் பொட்டலத்தில் தொடங்கும் பிள்ளைக்கு அடுத்த பொட்டலம் தூரமில்லை.

## ஒரு வீட்டால் மட்டும் முடியாதது

ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதத்தினர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். அங்கே செய்தது இதுதான்: ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஒன்றுகூடி, இரவு இத்தனை மணிக்கு மேல் எந்தப் பிள்ளையும் வெளியே இல்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டார்கள், அரசும் உள்ளாட்சியும் விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் கொடுத்தன. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே நம் ஒரு மாவட்டத்தைவிடக் குறைவு என்பதால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் "எல்லார் வீட்டிலும் பத்து மணி வரை விடுறாங்க" என்ற பிள்ளையின் வாதத்துக்குப் பதில், நாலு வீட்டுப் பெற்றோர் ஒரே நேரத்தை வைத்துக்கொள்வதுதான். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசலாம்.

பள்ளிக்கு அருகில் புகையிலை விற்கும் கடை இருந்தால் முதலில் நாலு பேராகப் போய் நேரில் சொல்லுங்கள். ஊர்க்கடைக்காரருக்கு ஊர் முகம் முக்கியம். கேட்காவிட்டால் தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் புகார் போகட்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098 எண்ணும் உண்டு.

## எப்போது சந்தேகப்படலாம்

கதவைச் சாத்திக்கொள்வது, எரிந்து விழுவது, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்குவது எல்லாம் வளரும் வயதின் இயல்பு. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. சில வாரங்களில் பல மாற்றங்கள் சேர்ந்து வந்தால் கவனியுங்கள்: பழைய நண்பர்கள் திடீரென்று மறைவது, விளையாட்டை விடுவது, மார்க் சரிவது, காசு காணாமல் போவது, கண் சிவப்பு, உடையில் பெயிண்ட் அல்லது பெட்ரோல் வாடை, எப்போதும் முழுக்கைச் சட்டையிலேயே இருப்பது.

வாய் நிறையச் சொல்லும். சின்ன வயதிலிருந்து காரக்குழம்பும் வரமிளகாய்த் துவையலும் அசராமல் சாப்பிட்ட பிள்ளை, திடீரென்று ரசம்கூட எரிகிறது என்று தயிர்சோற்றுக்குப் போனால் அதைச் செல்லக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். பாக்கு, குட்கா மெல்லுபவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகும் நோயின் முதல் அறிகுறியே காரம் தாங்காமல் எரிவது. அடுத்து வாய் திறப்பது குறையும். நடுவிரலோடு சேர்த்து மூன்று விரல்களை நெட்டுவாக்கில் வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கீழுதட்டின் உட்புறத்தில் வெள்ளையாகத் தடித்திருந்தால் அங்கே பொட்டலம் அடக்கும் பழக்கம் இருக்கலாம். நிறுத்தினால் வெள்ளைத் தடிப்பு பல நேரம் குறையும். இறுகிய தோல் முழுதாகப் பழைய நிலைக்கு வராது, அதனால்தான் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறேன்.

## தெரியவந்த அன்று

1. போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், எழுப்பினாலும் எழாவிட்டால், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். என்ன உட்கொண்டான் என்பதை ஒளிக்காமல் ஊழியரிடம் சொல்லுங்கள்.

2. சொல்யூஷனோ தின்னரோ முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் கத்தித் துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் இதயம் எளிதில் தாளம் தவறும். திடுக்கிட்டு ஓடிய பிள்ளைகள் அங்கேயே விழுந்து இறந்ததுண்டு. அமைதியாக அருகில் போய், காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிவாருங்கள்.

3. அடிக்காதீர்கள். மொட்டையடிப்பது, கட்டிப்போடுவது, சொந்தக்காரர் முன்னால் நிறுத்துவது எதுவும் வேண்டாம். அடித்த பிறகு பிள்ளை சொல்லும் எதையும் உண்மையென்று நம்ப முடியாது.

4. மறுநாள், ஒரே ஒரு பெரியவர், தனியாக. என்ன, எத்தனை தடவை, எதற்குப் பிறகு என்று கேட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். "எதற்குப் பிறகு" என்பதில்தான் பல நேரம் விஷயம் கிடக்கும். கிண்டல், காதல் முறிவு, தூக்கம் வராமை, யாரோ தொட்ட தொல்லை என்று எதுவாகவும் இருக்கலாம்.

5. ஒரு தடவை முயன்று பார்த்ததும் பழக்கமாகிவிட்டதும் வேறு. முதலாவதற்கு மேலே சொன்ன பேச்சும் விதிகளும் பெரும்பாலும் போதும். விடமுடியவில்லை, விட்டால் உடம்பு படுத்துகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். தினமும் குடித்தவர் மருத்துவ உதவியில்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

## எங்கே போவது

பேசுவதற்கு மட்டும் என்றால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழில் பேசலாம். நேரில் பார்க்க சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். "மனநல டாக்டரிடம் காட்டினால் நாளைக்குப் பொண்ணு கிடைக்காதே, மாப்பிள்ளை கிடைக்காதே" என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி சிகிச்சை விவரம் ரகசியம். மருத்துவமனை அதை வெளியே சொல்ல முடியாது.

போலீஸ் பயமும் நிறையப் பேரைத் தடுக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால், உட்கொண்டதற்காகவோ சிறு அளவில் வைத்திருந்ததற்காகவோ வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் விசாரணை தொடங்குவதே இளைஞர் நீதிக் குழுமத்தில்தான். பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால் பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், பிள்ளைகளைப் பெரியவர்களோடு ஒரே அறையில் போடுகிறார்களா, வாரம் ஒருமுறை பெற்றோர் தனியாகப் பார்த்துப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "மூன்று மாதம் பார்க்கவே கூடாது" என்று பதில் வந்தால் பிள்ளையை அங்கே விடாதீர்கள்.

சிகிச்சை முடிந்து வந்தபின் சில மாதங்களில் மறுபடி ஒருமுறை வழுக்குவது இந்த நோயில் சகஜம். அதற்காக மொத்தமும் வீண் என்று கைவிட வேண்டாம், மருத்துவரை மறுபடி பார்த்தால் போதும். பள்ளியும் இந்தக் காலத்தில் கையில் இருக்க வேண்டும். டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். படிப்பு நின்று வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கு மிச்சமிருப்பது அந்தப் பழைய கூட்டம் மட்டும்தான். மருத்துவர் கொடுக்கும் சீட்டோடு முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, பிள்ளை எந்தத் தேதியில் வகுப்புக்குத் திரும்பலாம், அவனோடு தினமும் பேச எந்த ஆசிரியரை ஒப்படைப்பார்கள் என்று கேட்டு முடிவு வாங்கிவிடுங்கள்.